ஈரத்துக்குக் கழிவு

விபூதிப் புதன், ஐந்து மணிப் பூசை.
சாமியார் என் நெற்றியில் கட்டைவிரலை அழுத்தி
'மண்ணாய் இருக்கிறாய்' என்றார்.
ஏழு மணிக்கு நான் தண்ணீராய் இருந்தேன்,
குருசடைத் தீவுக்குத் தெற்கே, கழுத்தளவு,
விரல்களில் பழைய சேலைக் கிழிசல் சுற்றி.
முதல் முங்கலிலேயே சாம்பல் போயிற்று.
கடலுக்கு அதன் பங்கு.

அன்பியக் கூட்டத்தில் ஆளுக்கொரு அட்டை உண்டியல்.
இந்த நாற்பது நாள் எதை விடுகிறாய் என்று கேட்டார்கள்.
அமலோற்பவம் மீனை விட்டாள்.
பாம்பனில் மீனை விடுவது லேசில்லை,
காற்றே குழம்பு மணக்கும்.
ஜெசிந்தா ராத்திரி நாடகத்தை விட்டாள்,
மறுநாள் கதையை மட்டும் கேட்டுக்கொண்டாள்.
என் முறை வந்தபோது டீ என்றேன்.
வாயில் வந்தது அதுதான்.
வராதது செலஸ்தீனா.

மூன்று வருஷம்.
குழுக்கடன் தவணையை அவள் கட்டவில்லை,
ஒன்பது பேர் பகிர்ந்து கட்டினோம்.
என் பங்கு ஆயிரத்து எண்ணூறு,
பாஸ்புக்கின் பின்அட்டையில் இன்னும் இருக்கிறது
பேனா அழுத்திய பள்ளத்தோடு.
ஒரே வத்தையில்தான் பாசிக்குப் போகிறோம்.
அவள் அணியத்தில் உட்கார்ந்தால் நான் கடைசிப் பலகையில்.
சிலுவைப்பாதையில் அவள் முழந்தாளிட்டால்
நான் தூணுக்கு மறைவில்.
பதினான்கு ஸ்தலத்துக்கும் அந்த ஒரு தூண் போதும்.

பாசி நிறுக்கிற சீனி நைனாவுக்கும் அந்த மாசம் நோன்பு.
உதடு வெடித்திருக்கும். தார்ப்பாய்க்கு மேல் வெயில் கொதிக்கும்.
மரிக்கொழுந்தோ கட்டக்கோரையோ
எலும்பாய்க் காய்ந்திருந்தாலும் சரி,
மூட்டைக்கு இரண்டு கிலோ ஈரத்துக்குக் கழிப்பார்.
அந்த மாசம் கழிக்கவில்லை.
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
முப்பத்தொன்று என்றால் முப்பத்தொன்று.
மிஞ்சிய காசை உண்டியலில் போட்டேன்,
அது என் தருமம் இல்லை என்று தெரிந்தே.

நாலாம் வாரம், செவ்வாய். வெள்ளிகூட இல்லை.
பூமரிச்சான் பக்கம் நீவாடு மாறி, தண்ணீர் கலங்கி,
செலஸ்தீனா மூரை மேல் மிதித்தாள்.
கத்தவில்லை. வத்தை விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள்.
தூக்கிப் போட்டுவிட்டு மற்றவர்கள் மறுபடி முங்கினார்கள்,
தண்ணீர் ஏறுமுன் மூட்டை நிரம்ப வேண்டும்.
எனக்கு மூச்சு தீர்ந்திருந்தது.
அதனால்தான் வத்தையில் இருந்தேன்,
இதை யாரும் புண்ணியக் கணக்கில் எழுத வேண்டாம்.

அவள் குதிகால் என் மடியில்.
கறுப்பாய் ஏழு முனை.
விரல் துணியை அவிழ்த்துத் துடைத்தேன்.
தாலிக்கயிற்று ஊக்கைக் கழற்றி
ஒவ்வொன்றாய் நெம்பினேன்.
மூரை முள்ளை வெடுக்கென்று இழுத்தால் உள்ளே ஒடியும்,
கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் பொறுத்து,
அது விடும்போதுதான் எடுக்க வேண்டும்.
மூன்றாவது முள்ளில் அவள் 'பணம்' என்று ஆரம்பித்தாள்.
'காலை ஆட்டாதே' என்றேன்.
மூன்று வருஷத்தில்
நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

பெரிய வியாழன் சாமியார் பன்னிரண்டு பேர் பாதம் கழுவினார்.
பன்னிரண்டும் ஆம்பளைக் கால்,
வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்த கால்.
தூணுக்கு இந்தப் பக்கம் செலஸ்தீனா
ஒரு காலை ஊன்றாமல் நின்றாள்.
ஏழாவது முள் ஒடிந்துவிட்டது.
தானாகக் கரையும் என்கிறார்கள்.
சிலருக்குக் கரைவதில்லை.

பெருநாள் முடிந்து சீனி நைனா
பழையபடி இரண்டு கிலோ கழிக்கிறார்.
எனக்குக் கோபம் வரவில்லை.
பாஸ்புக்கின் பின்அட்டையை
நானும்தான் இன்னும் கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்பு.
திங்கள் விடியுமுன் வத்தை போகும்.
டீயை இனி விட வேண்டியதில்லை,
ஃப்ளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
பக்கத்தில் எத்தனை தம்ளர் என்று
எட்டிப் பார்க்காதீர்கள்.