இரண்டாவது கதவு

அரசு தந்த மடிக்கணினியில் இரண்டு கதவு.
விண்டோஸ் கதவை
சினிமாப் பென்டிரைவோடு வந்த வைரஸ் அடைத்தது.
லினக்ஸ் ஆசைப்பட்டுப் படித்தேன் என்று
நேர்காணலில் சொன்னது பாதிப் பொய்.

"இதுக்கு வேலை இருக்காடி, இல்ல
சும்மா கறுப்புத் திரையா?"
ரெட்டெம்மா கேட்டாள். தெரியவில்லை.
எழுத்தெழுத்தாகத் தட்டினேன்.
அனுமதி இல்லை என்றது.
ஆரம்பாக்கம் செக்போஸ்ட் பக்கம் வளர்ந்தவளுக்கு
அது புதுச் சொல்லா?
பெர்மிட் இல்லாத லாரி எவ்வளவு நேரம் நிற்கும்,
யாரைக் கேட்டால் நகரும்,
எல்லாம் அத்துப்படி.

தடாவைத் தாண்டி ஒரு ஆலையில் இப்போது இரவு ஷிப்ட்.
அவளைவிட ஆயிரத்து நூறு அதிகம்,
ஆட்டோவுக்கே போய்விடுகிறது.
அவளுக்குப் பகல் வேலை, ஏசி.

போன செவ்வாய், நல்ல மழை.
மூன்றாம் லைன் சர்வர் படுத்துவிட்டது.
தெலுங்கில் ஒருவர், இந்தியில் ஒருவர் கத்த
சூப்பர்வைசர் எழுந்து
தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.
டிஸ்க்கில் இடமில்லை, அவ்வளவுதான்.
பழைய பதிவுகளை அழித்தேன்.
பெல்ட் நகர்ந்தது.

ரெட்டெம்மா,
வேலை இருக்கா என்று கேட்டாயே,
நாற்காலி இருக்கு.
விடிகாலை பஸ்தான் இல்லை.