இரண்டு விரற்கடை

தீர்மானத்தை மத்தியானமே டைப் அடித்துவிட்டேன்.
பாலக்கோடு பேரூராட்சி, பதினோராவது வார்டு, பெண்கள் பொது,
இன்னாரை வேட்பாளராக ஒருமனதாக என்று.
இன்னாருக்கு இரண்டு விரற்கடை இடம்.
மனம் ஒன்றாகிவிட்டது,
பெயர்தான் பாக்கி.

பவுனு நிற்க மாட்டாள்.
சத்துணவு சமையல் உதவியாளர் ஆர்டர்
தேர்தல் அறிவிப்புக்கு முந்தின தேதி போட்டு
நேற்றுத்தான் தபாலில் வந்திருக்கிறது.
கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா என்று
என் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று கேட்டாள்.
சொன்னேன்.
ஆர்டரை மூன்று நகல் எடுத்துக்கொண்டு போனாள்.
சர்க்கரை ஆலை ரோட்டுச் சுவரில்
அவள் பெயர் இன்னும் காயவில்லை.

ராத்திரி எட்டரைக்குத் திம்மராயன் மண்டியில் கூட்டம்.
நாற்காலி ஐந்து.
மற்றவர்களுக்குத் தக்காளி கிரேடு, கவிழ்த்துப் போட்டது.
அழுகல் வாசனைக்கு ஊதுபத்தி.
நாளை மூன்று மணியோடு மனுத்தாக்கல் முடிகிறது;
அவைத்தலைவர் பெரியண்ணன்
கட்சி பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தார்.

முதலில் வந்தது கிரில் பட்டறை மாதேசன் சம்சாரம்.
அப்புறம் பால் சொசைட்டி கோவிந்தன் வீட்டம்மா.
அப்புறம், மெதுவாக, செயலாளரின் கொழுந்தியா.
பேர் சொல்லுங்க, எழுதணும் என்றேன்.
மாதேசன் வீட்டுக்குப் போன் போட்டான்.
'ஏய், ஓட்டு அட்டையில உன் பேரு
ராணியா, ராஜராணியா?'
அந்தப் பக்கம் என்ன வந்ததோ,
எழுந்து வெளியே போய்ப் பேசினான்.

கோவிந்தன் வீட்டம்மாவுக்கு ஓட்டு மாரண்டஹள்ளியில்,
இன்னும் அப்பன் வீட்டு முகவரியில்.
கொழுந்தியாவுக்குத் தை பிறந்தால்தான் இருபத்தொன்று.
'தையைக் கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்க.'
சிரித்தவர்களைச் செயலாளர்
ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்.

விடிந்தால் இதே இடத்தில் ஏலம்.
ஒருத்தன் கூவுவான், ஒருத்தன் கை தூக்குவான்,
லாரி ஏறிவிடும் தக்காளி.

பத்தேகாலுக்கு மாவட்டம் போனில் வந்தது.
மாவட்டம் என்றால் ஆள்தான்.
ஸ்பீக்கரில் போட்டார்கள்.
'செலவு யாரு பண்றது?'
எல்லாரும் தகரக் கூரையைப் பார்த்தோம்.

சென்னம்மா அப்போது எழுந்து நிற்கவில்லை.
நின்றிருந்தால் சொல்ல அழகாக இருக்கும்.
கிரேடில் உட்கார்ந்தபடியே
மடியிலிருந்த ஜவுளிக்கடைப் பையைக் கொட்டினாள்.
ஓட்டு அட்டை, வீட்டு வரி ரசீது,
தண்ணீர் வரி ரசீது, பாக்கி ஒரு பைசா இல்லை,
ரப்பர் போட்டுக் கட்டிய டெபாசிட் பணம்,
கழுத்து வரைக்கும் எடுத்த படம் ஐந்து.
தையல் மெஷின் வைத்திருப்பவள்.
மகளிரணித் துணைச் செயலாளர்,
மேடைக்குக் கீழே நிற்கிற துணை.
போன தேர்தலிலும் அதற்கு முந்தினதிலும்
இதே பைதான்.
'ரசீது மட்டும் வருஷா வருஷம் மாத்திக்கிறேன்' என்றாள்.

கைதட்டல் ஒன்றும் இல்லை.
மாவட்டம் கேட்டது: 'யாருப்பா அது?'
'நம்ம பொண்ணுதாங்க' என்றார் பெரியண்ணன்.
நாற்பத்தெட்டு வயதுப் பொண்ணு.
'அப்ப போட்டுடுங்க.
பி ஃபார்ம் காலையில வந்து வாங்கிக்கட்டும்.'
செலவைப் பற்றி
அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

சின்னப் பெயராக வரும் என்று நினைத்திருந்தேன்.
கே. சென்னம்மாள் என்று எழுதினதில்
கடைசி எழுத்து இடம் தாண்டி
'அவர்களை'யின் தலைமேல் ஏறிக்கொண்டது.
அடித்து எழுதவில்லை, அப்படியே விட்டேன்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது
'இன்னொரு தீர்மானம் இருக்கு' என்றாள்.
'பவுனுக்கு வேலை கிடைச்சதுக்கு வாழ்த்து.
நான் முன்மொழியறேன்.'
மாதேசன் பைக்கை உதைத்தான்.
டீக்காரப் பையன் பதினேழு கிளாசுக்குக் காசு கேட்டு
ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.
வழிமொழிய ஆளில்லை.

தீர்மானம் இரண்டு என்று பேனாவால் எழுதி,
பதினெட்டு வருஷமாக நான் எழுதும் நோட்டில்
முதல் தடவையாக
வழிமொழிந்தவர் என்ற இடத்தில்
என் பெயரைப் போட்டேன்.