தென்கடல் கலங்கினால்

மண்டபத்து நண்டு கம்பெனியில் பதினோரு வருஷம்.
வெந்த நண்டின் காலை நொறுக்கி
சதை சிதையாமல் உருவ
என் விரலுக்குத் தெரியும்.
முழங்கையில் வெள்ளைப் பொருக்கு வந்த மாதம்
சூப்பர்வைசர் கையுறை இரண்டு ஜோடி தந்தான்.
தலைக்குள்ளும் ஏறிய மாதம்
"ஐஸ் பக்கம் போய் நில்லு, ஜெசிந்தா" என்றான்
முகம் பார்க்காமல்.

ஒட்டாது என்று எத்தனை பேரிடம் சொல்வது.
தங்கச்சிமடம் பஸ்ஸில் பக்கத்து இடம்
காலியாகவே வரும்.
சௌகரியம்தான், பையை வைத்துக்கொள்ளலாம்.

விடிகாலை பாயை உதறினால்
சாளை ஆய்ந்த இடம் மாதிரி இருக்கும்.
பிறகு விரல் மூட்டுக்கும் இறங்கியது.
மெடிக்கலில் சீட்டுக் கேட்காமல் தருவான்
ஒரு சிவப்பு மாத்திரை.
காலையில் ஒன்று, ராவைக்கு ஒன்று.
ஐஸ் உடைக்கணுமே.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் ரொக்கையா வெறுங்கையால் தொட்டார்.
அதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.
அப்புறம் கேட்டார்:
"ஒண்ணுக்கு நுரைச்சுப் போகுதா?"

தோலைக் காட்ட வந்தவளிடம்
இது என்ன கேள்வி.

மஞ்சள் தாளை முக்கி எடுத்தான் லேப் பையன்.
பச்சையாகத் திரும்பியது.
புரதம் கசிகிறதாம்.
மேலே பொரிகிற அதே தீ
உள்ளே சிறுநீரகத்தையும் தொடுமாம், சிலருக்கு.
எல்லாருக்கும் இல்லை என்றார்.
சிவப்பு மாத்திரை போதாக்குறைக்கு.
அதை இன்றோடு நிறுத்து,
உப்பைக் குறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வா.
உப்பைக் குறைப்பதாம், தங்கச்சிமடத்தில்!
பரணில் கட்டாப்பாரைக் கருவாடு ஒரு சிப்பம் கிடக்கிறது.

திரும்பும்போது பாலத்தில் பஸ் நின்றது.
கச்சான் காலம்.
தெற்கே அலை தூணில் ஏறி உடைகிறது,
வடக்கே தட்டில் ஊற்றிய கஞ்சி போலக் கடல்.
தென்கடல் கலங்கினால்
படகை வடக்கே கட்டிவிட்டு
நிம்மதியாகத் தூங்குவோம் நாங்கள்.
என் உடம்பையும் அப்படித்தான் கட்டியிருந்தேன்.
வெளியேதானே கொந்தளிக்கிறது, உள்ளே அமைதி என்று.
குனிந்து பார்த்தேன்.
பாலத்துக்கு அடியில்
இந்தப் பக்கத்துத் தண்ணீர்
அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.
அதற்குக் கதவு எதுவும் இல்லை.

இப்போதெல்லாம் விடியுமுன் கக்கூசில்
டார்ச்சைப் பிடித்தபடி நிற்கிறேன்,
நுரை அடங்கும்வரை எண்ணிக்கொண்டு.
நேற்று நாற்பது.
இன்றைக்கு முப்பத்தியேழிலேயே
மகன் கதவைத் தட்டிவிட்டான்.