இடமிருந்து வலமாக

சுல்மா இரிகாராய் எடுத்த படங்களுக்குக் கீழே
பத்தொன்பது வருஷம் பெயர் போட்டவன் நான்.
நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக.
நான் எழுதியதில் இந்த ஊர் வரி விடாமல் படித்தது
அதை மட்டும்தான்.

பைசாண்டூ சின்ன நகரம்.
இந்தப் பக்கம் பீர் ஆலையின் புகைக்கூண்டு,
அந்தப் பக்கம் உருகுவாய் ஆறு,
ஆற்றுக்கு அப்பால் வேறொரு தேசம்.
நடுவில் இருக்கிற எல்லோரும் எல்லோருக்கும்
ஏதோ ஒரு வகையில் மைத்துனர்.
ஒரு பெயர் இடம் மாறினால்
காலை ஏழு மணிக்கே தொலைபேசி அலறும்.

சுல்மா மொபெட்டில் வருவாள்.
கழுத்தில் காமிரா, பையில் வெந்நீர் ஃபிளாஸ்க்,
மாத்தே குடிக்கும் சுரைக்குடுக்கை.
பெயர்களை ரொட்டி சுற்றிய காகிதத்தில்
எழுதிக்கொண்டு வருவாள்,
மருந்துச் சீட்டின் முதுகில்,
ஒருமுறை உள்ளங்கையில்.
அன்று மழை.
மறுநாள் பேப்பரில்
மாப்பிள்ளைக்குப் பெயர் இல்லை.

ஆரஞ்சு ராணி மயங்கி விழுந்தது,
தீயணைப்பு நிலையத்துக்குப் புது ஏணி வந்தது,
மூன்றாம் டிவிஷன் ஆட்டத்தில்
நாய் போட்ட கோல்.
எதற்கும் ஒரே முகத்தோடு குனிவாள்,
ஒரே முகத்தோடு நிமிர்வாள்.

சீருடைக்காரர்கள் ஆண்ட காலத்தில்
கர்னல் வாரம் ஒரு நாடா வெட்டுவார்.
போய் எடுத்தாள், ஒன்று விடாமல்.
எல்லாப் படத்திலும் கத்தரிக்கோல் துல்லியம்,
கர்னல் கொஞ்சம் மங்கல்.
விசாரிக்க வந்தவர்களிடம்
லென்ஸ் பழசு என்றாள்.

நெசவாலையை மூடிய அன்று
எல்லோரும் பூட்டை எடுத்தார்கள்.
இவள் எதிர்ச் சாரிக்குப் போனாள்.
மதியச் சங்கு ஊதாததால்
சாப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல்
சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து
நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள்
முப்பது பெண்கள்.
பெயர் கேட்டு எழுத எனக்கு
இரண்டு நாள் ஆயிற்று.

பிறகு ஆறு ஏறிய வருஷம்.
கரையோரத் தெருக்களில் கூரை மட்டும் மிச்சம்.
தண்ணீர் வடிந்ததும் வரிசை கட்டினார்கள்
சுல்மா வீட்டு வாசலில்:
ஆல்பம் போய்விட்டது,
என் கல்யாணம் உன்னிடம் இருக்குமே.
பாதி விலை வாங்கினாள். இலவசம் இல்லை.
ரசாயனத்துக்கு ஆறா பணம் தரும் என்றாள்.

வரிசையில் கடைசியாக ஓடிலா,
ஆரஞ்சு பேக்கிங் கொட்டகையில் வேலை.
மகன் வில்மார், பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியின் கோலி,
நான்கு வருஷம் முன்பு நெடுஞ்சாலையில்
மோட்டார் சைக்கிளோடு போனவன்.
அணிப் படத்தைக் கொடுத்தோம்.
பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

இது இல்லை.
அன்றைக்கு வந்து சொன்னான்,
அம்மா, நான் கண்ணை மூடிட்டேன்,
அந்தம்மா கத்தினாங்க,
மறுபடி எடுத்தாங்க என்று.
அந்த முதல் படம்.

சுல்மா ஒன்றும் பேசவில்லை.
உள்ளே போனாள்.
சீமை மாதுளை அல்வா வந்த தகர டப்பா ஒன்றைக்
கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.
மூடியில் பென்சிலில்: கண் மூடியவர்கள்.
நாற்பது வருஷமாக அச்சுக்கு ஆகாது என்று
நானும் ஆசிரியரும் தள்ளிய நெகட்டிவ்கள்.
குப்பைக்குப் போனதாக நினைத்திருந்தேன்.

இருட்டறையில் தட்டுக்குள் மெல்ல வந்தான்.
பத்துப் பையன்கள் வெயிலைப் பார்த்துக் கூசி நிற்க,
கையுறை போட்ட ஒருவன்
தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக்
கேட்பது போல் நிற்கிறான்.

இப்படித்தான் தூங்குவான் என்றாள் ஓடிலா.
அப்புறம் என்னைப் பார்த்து,
கீழே பெயர் போடுங்கள், எல்லோர் பெயரும்.

உட்கார்ந்தேன். இடமிருந்து வலமாக.
மூன்று பெயர் எழுதினேன்.
நான்காவது, வில்மார்.
ஐந்தாவது பையன், பெரிய காது,
நினைவுக்கு வரவில்லை.
ஓடிலாவுக்கும் தெரியவில்லை.

சுல்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு
இழுப்பறையில்
அந்த நாளின் ரொட்டிக் காகிதத்தைத்
தேட ஆரம்பித்தாள்.