ஐம்பத்திரண்டு கிராம்

பல்வலிக்குத் தின்ற மாத்திரை
பல்லை விட்டுவிட்டுக்
குடலைக் காலி செய்துவிட்டது.
கண்டனூர் வெள்ளையப்பனுக்கு
நாளொன்றுக்குப் பன்னிரண்டு தடவை.
முகப்பிலிருந்து கொல்லைக் கழிப்பறைக்கு
நூற்றுப் பதினாறு அடி.
அளந்து வைத்திருந்தார்,
வழக்குக்காக.

வழக்கு அந்த நடையைப் பற்றியதுதான்.
இரண்டாங்கட்டின் குறுக்கே தம்பி ஆவிச்சி எழுப்பிய
ஹாலோபிளாக் சுவர்
ஒன்பது வருடமாகப் பூசாமல் நிற்கிறது.
தேவகோட்டை கோர்ட்டில் அதற்கு ஓர் எண்.
காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்தில்
அவருக்கும் ஓர் எண்: நாற்பத்தொன்று.

நூற்றுக்கணக்கான இனம் புழங்க வேண்டிய குடலில்
ஒரே ஒரு கிருமி
எல்லா அறைக்கும் சாவி வைத்துக்கொண்டு திரிந்தது.
மருந்து கொடுத்தால் படுக்கும்,
நிறுத்தினால் எழும்.
டாக்டர் ரஹிமா மறைக்காமல் சொன்னார்:
"இனி வேறொருத்தர் மலம்தான் மருந்து."

வெள்ளையப்பன் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
மனைவிக்குச் சர்க்கரை.
மகன் போன மாதம்தான் ஆன்டிபயாடிக் முடித்தான்.
மாப்பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்பது?
யாரிடமும் சொல்லாமல் அவர் மனைவி தெய்வானை
சுவரைச் சுற்றித் தெருவழியே போய்
அடுத்த கதவைத் தட்டியிருக்கிறார்.

ரத்தம், மலம், இருபத்து மூன்று கேள்விகள்.
ஆவிச்சி எல்லாவற்றிலும் தேறினார்.
குறித்த நாளில் காலை ஆறரைக்கு வந்தார்,
விபூதி, சலவை வேட்டி,
மஞ்சள் பைக்குள் மூடிய டப்பா,
மொய் எழுத வந்தவர்போல.
"எடை போட்டு ரசீது குடுங்க."

பத்து வருட வேலையில்
அப்படி ஒரு ரசீது எழுதியதில்லை.
'பெற்றுக்கொண்டது ஐம்பத்திரண்டு கிராம்.'
இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
அண்ணன் எந்த அறையில் என்று கேட்கவில்லை.

உப்புநீர் விட்டு மிக்ஸியில் அடித்தேன்.
'வேறெதற்கும் தொடாதே' என்று
சிவப்பு மையில் எழுதி ஒட்டிய மிக்ஸி.
முதல் ஐந்து நிமிடம் மூக்கு வழக்காடும்,
பிறகு சமாதானமாகிவிடும்.
இரண்டு முறை வடிகட்டினேன்.
மிஞ்சியது தேநீர் நிறத்தில்
உயிரோடு இருந்தது.

குழாய் இறக்குமுன்
வெள்ளையப்பன் என்னிடம் மட்டும் கேட்டார்:
"அவன் கோவமும் கூட வருமாம்மா?"
எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.
மிரண்ட எலியின் குடல்வாசிகளை ஏற்றினால்
துணிந்த எலியும் மூலையில் ஒண்டுகிறதாம்.
மனிதரில்?
"தெரியாதுங்க" என்றேன்.
இந்த வேலையில் நான் அதிகம் சொல்லும் சொல்.
"வந்தா வரட்டும்,
எங்கிட்ட இருக்கறதோட சேர்ந்துக்கும்."

நான்காம் நாள் இரண்டு தடவை.
எட்டாம் நாள் ஒரே தடவை, கெட்டியாக.
தெய்வானை போனில் அதைச் சொன்ன குரலில்
பேரன் பிறந்ததைச் சொல்லலாம்.

அவர்கள் சமூகத்தில்
கல்யாணம் கட்டினால் ஒரு புள்ளி,
கோயில் கணக்கில் ஏறும்.
எங்கள் திரையிலும் ஆளுக்கொரு புள்ளி.
முதல் மாதம் நாற்பத்தொன்றின் புள்ளி
தம்பி புள்ளியை உரசிக்கொண்டு நின்றது.
வெள்ளையப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
"இதுல நான் எது?" என்றார்.

மூன்றாம் மாதம் சற்று விலகியிருந்தது.
சாப்பாடா, பழைய மாத்திரையா,
அவரவர் உடம்பின் பிடிவாதமா,
டாக்டர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு
கோப்பை மூடிவிட்டார்.
உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.
வழக்கும் இருக்கிறது,
வாய்தா பதினேழாம் தேதி.

நேற்று வந்தார், சோதனைக்கு அல்ல.
அந்த ரசீதின் நகல் வேண்டுமாம்.
எதற்கென்று நானும் கேட்கவில்லை.
எடுத்துக் கொடுத்ததும்
எழுத்தெழுத்தாகப் படித்தார்.
கொடுத்தவர் பெயரில் விரலை வைத்தார்.
வெறும் ஆவிச்சி என்று எழுதியிருந்தேன்.
"முன்னால 'சுப.' விட்டுப்போச்சு,
போட்ருங்க.
எங்க அப்பா எழுத்து."