ஒரு கைப்பிடி இருட்டு

கயிற்றை இழுத்தால் சுற்றுகிறது,
பிடிக்கவில்லை.
பதினைந்து குதிரை என்று
மூடியில் எழுதியிருக்கிறான்,
ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.
சைமா ஏரியின் நடுவில் நான்,
தோள்பட்டை வலி,
தூரத்துத் தீவில் யாரோ மூட்டிய
கோடைநடு நெருப்பு.

பெட்ரோல் இருக்கிறது.
ரப்பர்ப் பந்தை அழுத்தினால்
கல்லாய் இறுகுகிறது.
நான் தண்ணீரில் விழுந்தால்
எஞ்சினை நிறுத்தவேண்டிய சிவப்புக் கயிறு
அதன் இடத்தில் கிடக்கிறது, சாதுவாக.
கீழ் பிளக்கைக் கழற்றி முகர்ந்தேன்.
முப்பத்தோரு வருடம்
பள்ளிப் பிள்ளைகளின் வாய்க்குள் பார்த்தவள்,
எதையும் முதலில் முகர்வேன்.
ஈரம்.
கரி பிடித்த கடைவாய்ப்பல்.
தீனி போகிறது, தீ வரவில்லை.

துடுப்புச் சத்தம்.
உர்போ.
நான்கு கோடையாய் எங்களுக்குள் பேச்சில்லை,
அவனுடைய படகுத்துறை
என் பக்கத் தண்ணீருக்குள்
இரண்டு முழம் நீண்ட நாளிலிருந்து.
வந்தவன் குசலம் கேட்கவில்லை.
"பொறி வருதா?"
"தெரியல. வெளிச்சமா இருக்கு."

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.
ஜூன் மாதத்து நள்ளிரவு,
பாலைக் கொட்டிவைத்த வானம்,
கொசுவின் காலை எண்ணலாம்.
பிளக்கின் பொறியைப் பார்க்க மட்டும்
கைப்பிடி இருட்டு வேண்டும்,
இந்த நாட்டில் இப்போது
கடனுக்கும் கிடைக்காது.

அவன் கோட்டைக் கழற்றினான்.
மழைக்கோட்டு, மீன்செதில் ஒட்டியது.
பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு
ஆவி போகட்டும் என்று
ஒரு சிகரெட் நேரம் இருந்தோம்,
சிகரெட் பற்றவைக்காமல்.

பிறகு ஒரே கோட்டுக்குள் இரண்டு தலை.
பிளக்கை எஞ்சின் உடம்போடு ஒட்டிப் பிடித்தேன்.
வெளியே நீண்ட அவன் கை கயிற்றை இழுத்தது.
மேல் பிளக்: இருக்கிறது.
கீழ் பிளக்: ஒன்றுமில்லை.
இன்னொரு முறை.
ஒன்றுமில்லை, அவன் மூச்சு மட்டும்,
புகைத்த மீன் வாசனையோடு.

"காயில் போச்சு" என்றேன்.
அவன் நம்பவில்லை.
மேலே இருந்த நல்ல காயிலைக்
கீழே மாட்டினோம்;
கீழே வந்ததும் அதுவும் ஊமை.
கீழே இருந்தது மேலே போய்ப்
பளிச்சென்று பேசியது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
அதற்குள் மனதில் நான்
புதுக் காயிலுக்குப் பணம் கட்டிவிட்டிருந்தேன்.

கருவிப்பெட்டியின் அடியில்
வேலையை விட்ட அன்று
திருப்பிக் கொடுக்க மறந்த பல்கண்ணாடி.
(மறந்தேன் என்றே வைத்துக்கொள்வோம்.)
அதை எஞ்சினின் அண்ணத்தில் நுழைத்தேன்.
கீழ்க் காயில் உட்காரும் தகட்டிலிருந்து
எர்த் கம்பி போய்ச் சேரும் போல்ட்டின் பின்னால்
பச்சைப் பச்சையாய்,
பாசி மாதிரி, செம்புக் களிம்பு.
யாரும் பார்க்காத இடத்தில்தானே
எதுவும் முதலில் சொத்தையாகும்.

சுரண்டினேன்.
உப்புத்தாள் அவன் கொடுத்தான்.
போல்ட்டை இறுக்கியதும் அவன்தான்,
நான் இறுக்கியதற்கு மேலே
ஒரு கால் திருகல், வேண்டுமென்றே.

மறுபடியும் கோட்டுக்குள்.
டிக்.
நீலம்.
ஊசிமுனை நீலம்.
அந்த நொடியில் அவன் மூக்கு தெரிந்தது,
நான்கு வருடமாய்த் தூரத்தில்
வெறும் தொப்பியாய் இருந்தவன்.
இன்னொரு டிக் வேண்டியிருக்கவில்லை.
இருந்தும் இழுத்தான்.

எல்லாம் மாட்டி,
இரண்டாவது இழுப்பில் பிடித்தது.
புகை, தும்மல், பிறகு சீரான உறுமல்.
"ரெண்டு பிளக்கையும் மாத்திடு" என்றான்.
"துறையில ரெண்டு முழம் வெட்டிடு" என்று
நாக்கு வரை வந்தது.
அந்தச் சத்தத்தில் சொன்னேனா,
நினைத்ததோடு நின்றேனா,
எனக்கே தெரியாது.
அவன் தலையாட்டினான்.
எதற்கென்றும் தெரியாது.

துறை இன்னும் அப்படியேதான் நீண்டிருக்கிறது.
கோட்டு என் படகில் கிடக்கிறது.
அவன் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை.
ஆகஸ்டில் இரவு வந்துவிடும்.
அதுவரை
தேவைப்படலாம்.