பெட்டி ஏழு

"ஓட்டை விழுந்த கோவா இருக்கா?"
பேலியகொடைச் சந்தையில், விடிய நாலரைக்கு,
இப்படிக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள்.
நவ்ஷாத் நானா சிரிப்பதில்லை.
லொறிக்குப் பின்னால், உரித்தெறிந்த மேலிலைக் குவியலில்
குந்தியிருந்து தேடுவார்.
"இந்தாங்க மிஸ், உங்கட ஆக்கள்.
நாலு தரம் மருந்தடிச்சும் சாகாத சாமான்.
காசு வாணாம்."

என் ஆக்கள்:
நகத்தளவு நீளம், பச்சை,
தொட்டால் நூல் விட்டுத் தொங்குவார்கள்.
மருதானையில் ஏறியவர் என் மடிப்பையைப் பார்த்து
கிலோ என்ன விலை என்று சிங்களத்தில் கேட்டார்.
சும்மா என்றால் நம்பமாட்டார்.
முந்நூற்றெண்பது என்றேன்.

பொரளை, மூன்றாம் மாடி,
ஏசி ஒழுகும் அறை.
ஊசிமுனையால் ஒரு புழுவைத் திறந்தால்
தலைமயிரிலும் கொஞ்சம் தடித்த குடல்.
அரைத்துத் தட்டில் பூசினேன்.
தட்டில் சீனி இல்லை, இறைச்சிச்சாறு இல்லை,
தோட்டத்தில் தெளிக்கிற அதே மருந்து,
அதை விட்டால் பட்டினி.
மூன்றாம் நாள் பால்நிறப் பொட்டுகள்.
நாங்கள் பரிமாறியது நஞ்சு;
பக்டீரியாக்கள் கையலம்பிவிட்டு
பந்தியில் இருந்துவிட்டன.

இனி மற்றப் பக்கம் பாருங்கள் என்றார் கலாநிதி இனோகா.
பாதிப் புழுக்களுக்கு
அன்டிபயோட்டிக் தோய்ந்த இலை.
குடல் வெறிச்சோடியதும் ஒரு துளி பூச்சிமருந்து.
இரவுக்குள் பத்தில் எட்டு சுருண்டுவிட்டன.
இவ்வளவு காலமும் நாங்கள் அளந்த வீரம்
முழுதும் புழுவினுடையது இல்லை,
உள்ளே வாடகைக்கு இருந்தவர்களுடையதும்தான்.

அதே கிழமை எனக்கும் வயிற்றோட்டம்.
டொக்டர் கிறுக்கிய துண்டில் அதே பெயர்.
சிவப்பும் மஞ்சளுமாய்க் கப்சூல், ஐந்து நாளுக்கு.
மத்தியானத்து ஒன்றை விழுங்கிவிட்டு
புழுக்களுக்கும் நிறுத்துக் கரைத்தேன்.
எனக்குள் யார் யார் இருந்தார்கள்,
எந்த விஷத்தை எனக்காக யார் தின்றுகொண்டிருந்தார்கள்,
ஒருவரும் பெயர் பதியவில்லை.
வெள்ளவத்தை லொட்ஜில் ஒரு விடியப்புறம்
கதவு தட்டி, அரை மணித்தியாலம் தந்து
சித்தப்பாவை பஸ்ஸில் ஏற்றினார்களே,
அப்படித்தான்.

பெட்டி ஏழில் ஒன்று சாகவில்லை.

மூடி சரியாகப் பூட்டியிருக்கவில்லை.
ஆறாம் பெட்டிக்காரன் ஒருவன், மருந்தில்லா இலை தின்றவன்,
இரவில் நூல் பிடித்து இறங்கி
வந்து போயிருக்கிறான்.
இலையில் அவன் எச்சம்,
கடுகிலும் சிறிய பச்சை உருண்டைகள்.
இது அதைத் தின்றிருக்கிறது.
அவ்வளவுதான்.
அவ்வளவே போதுமாய் இருந்திருக்கிறது.

மாசுபட்டுவிட்டது, எறிந்துவிட்டு வேறு வை,
என்றான் சுரங்க.
விதிப்படி அதுதான் சரி.
கொப்பியில் 'நீக்கப்பட்டது' என்று பேனையால் எழுதினேன்.
பிறகு அதற்குக் கீழே பென்சிலால்,
'அயலவரின் எச்சம் தின்று பிழைத்தது.'

இரவு, கொட்டாஞ்சேனை.
மிஞ்சிய கோவாவை மல்லுங்கிற்கு அரிய முன்
உப்புத்தண்ணீரில் அமிழ்த்தினேன்.
உப்பு எதைக் கழுவும், எதைக் கழுவாது என்று
தெரிந்த கைதான். என்றாலும் பழக்கம்.
கப்சூல் இன்னும் இரண்டு நாளுக்கு இருக்கிறது.
கடைத்தயிர்ச் சட்டியில் கரண்டியை விட்டேன்,
யாராவது வரட்டும் என்று.

அரியும்போது நடுநரம்போரம் ஒரு கூடு,
சல்லடைத்துணி போல மெல்லிசு.
உள்ளே யாரோ
அவசரமில்லாமல் சிறகு தைத்துக்கொண்டிருந்தார்.
இலையோடு வெட்டி
தீப்பெட்டிக்குள் வைத்தேன்.
குச்சிகள் மேசையெல்லாம் சிதறிக் கிடந்தன.

நாளைக்கு
எங்கட ஆக்களில் ஒன்று கூட.